நாடு மாறும் மாணவரும் பல்கலைக்கழக வாயிலும்

உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறுகின்ற குடும்பங்களை வாட்டும் கவலைகளுள் தலையாயது பிள்ளைகளின் படிப்பே ஆகும். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம். பாதி இங்கும் பாதி அங்குமாகக் கற்கும் பாடத்தை அவ்வாறு மூட்டை கட்டிவிட இயலாது. ஒரு மாநிலத்தின் பாடத்திட்டம் மற்றொன்றுக்கு ஒத்துவருவதில்லை. இங்கே இரண்டாம் மொழியாக இருந்தது அங்கே இராது. நம் நாட்டிற்குள்ளேயே இந்நிலை என்றால், நாடுவிட்டு நாடு செல்லும் குடும்பத்தின் நிலை எத்தகையதாக இருக்கும்? பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுகளை அயல்நாட்டில் கழிக்கும் மாணவர், பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கான தகுதியை எங்ஙனம் பெறுவது? இக்கேள்விக்கு விடையாகத் தோன்றிய ஒரு கல்விமுறையின் வரலாற்றையும் அமைப்பையும் இங்கே காண்போம். சர்வதேச பாக்கலாரியேட் என்பது அதன் பெயர்.

பெயரை முதலில் விளக்கிவிடுதல் நலம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் எளிதில் அகப்படுவதில்லை. பிரான்சு நாட்டில் பள்ளிப் படிப்பின் முடிவில் நடைபெறும் பரீட்சைக்குப் பாக்கலாரியா என்று பெயர். பள்ளியை முடித்ததற்கு அத்தாட்சியாகவும், பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கு உரிமைச் சீட்டாகவும் அது ஒருங்கே விளங்குகிறது. அந்த உரிமையைப் பல நாட்டு மாணவருக்கும் பொதுவாக்க முயன்றதே சர்வதேச பாக்கலாரியேட் ஆகும்.

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சுவிட்சர்லாந்தின் ஜினீவா நகரில் அமைந்தன. அவற்றில் பணிபுரிய உலகின் பல திசைகளிலிருந்தும் உத்தியோகஸ்தர்கள் குடும்பத்துடன் வந்து சேர்ந்தனர். அவர்களுடைய குழந்தைகளுக்காக 1924ஆம் ஆண்டில் ஜினீவா சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆக, மாற்றலுக்கு உட்பட்ட அலுவலர்களின் குடும்பக் கவலையே இம்முறைக்கு வித்திட்டது எனலாம். அயல் மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அக்கவலை புதிதன்று.

ஒரே பள்ளியில் ஒன்றாக விளையாடி, ஒன்றாக உண்டு வளர்ந்த மாணவர்கள், இறுதி வகுப்புகளை எட்டியதும் பிரிந்தனர். பிரான்சு செல்ல வேண்டியவர் பிரெஞ்சுப் பரீட்சைக்கும், இங்கிலாந்து செல்ல வேண்டியவர் ஆங்கிலேயப் பரீட்சைக்கும், சுவிட்சர்லாந்திலேயே தங்குபவர் அந்நாட்டுப் பரீட்சைக்கும், அமெரிக்கா செல்பவர் அந்நாட்டுக் கல்லூரித் தேர்வுகளுக்கும் படிக்க வேண்டியிருந்தது. ஒரு சிறு பள்ளி நான்கு பள்ளிகளாகப் பிளவுபட்டது. ஒரே நிகழ்ச்சியின் வரலாற்றை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகப் பயின்றது. ஆசிரியர்களுக்கும் சுமை, மாணவர்களுக்கும் இழப்பு.

இதனை மாற்றும் முயற்சி 1960களில் வலுப்பெற்றது. சர்வதேசப் பள்ளி ஆசிரியர்களே முன்னின்று பொதுப் பாடத்திட்டம் வகுக்கத் தலைப்பட்டனர். அமெரிக்க அறநிறுவனங்கள் பொருளுதவி செய்தன. 1968ஆம் ஆண்டில் ஜினீவாவில் சர்வதேச பாக்கலாரியேட் ஸ்தாபனம் முறையாக நிறுவப்பட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித்துறைத் தலைவராக இருந்த அலெக் பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநர் ஆனார். முதல் பரீட்சைகள் 1970இல் நடைபெற்றன. நம் நாட்டில் இதனை முதன்முதல் மேற்கொண்ட பள்ளி தமிழ் மண்ணிலேயே உள்ளது. 1901இல் அமெரிக்கப் பாதிரிமார்களின் குழந்தைகளுக்கென்று கோடைக்கானலில் தோன்றிய பள்ளியே அது. இன்று கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி என வழங்கும் அப்பள்ளி 1976இல் இம்முறையை ஏற்றது.

இனிப் பாடத்திட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். இது பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 16 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. மாணவர் ஆறு பாடங்களைப் பயில வேண்டும். முதற்பாடம், தாம் நன்கறிந்த மொழியும் அதன் இலக்கியமும், இரண்டாவது, கற்றுக்கொள்ளும் வேறொரு மொழி, மூன்றாவது, வரலாறு, பொருளியல் போன்ற சமூகப் பாடம், நான்காவது, ஒரு விஞ்ஞானம், ஐந்தாவது, கணிதம், ஆறாவது, ஒரு கலை, அல்லது முற்கூறியவற்றுள் இன்னொன்று. பொதுவாக இவற்றுள் மூன்றை உயர்தரமாகவும் மூன்றைப் பொதுத்தரமாகவும் கற்பர். உயர்தரப் பாடத்திற்கு 240 மணி நேரமும், பொதுத்தரப் பாடத்திற்கு 150 மணி நேரமும் போதனைக்கு வகுக்கப்பட்டுள்ளன.

இந்த மூன்றும் மூன்றும் என்ற கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலேய முறையில் மாணவர் மூன்று பாடங்களையே ஆழமாகப் படித்து மற்றவற்றை விட்டுவிடுவர். இம்முறையில் ஆழம் உண்டு, அகலம் இல்லை என்பது பீட்டர்சனின் குறை. பிரெஞ்சு முறையிலோ பாடங்கள் பல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே ஆறு பாடத் திட்டம். விஞ்ஞானம் பயில்வோர் இலக்கியத்தைக் கைவிட முடியாது. இலக்கியம் பயில்வோர் கணிதத்தைக் கைவிட முடியாது.

ஆறு பாடங்களோடு மூன்று கடமைகளும் உண்டு. ஒன்று, தாமே தேர்ந்த பொருள்பற்றி ஆராய்ந்து 4,000 சொற்களுக்கு மேற்படாமல் எழுதும் நெடுங்கட்டுரை. இரண்டாவது, அறிவின் இயல்பு பற்றிய பாடம். விஞ்ஞானி காட்டும் சான்றும் வரலாற்றாசிரியர் காட்டும் சான்றும் ஒரே தன்மையனவா? நாம் அறிந்ததை அறிந்தோம் என்று எவ்வாறு துணிகிறோம்? இத்தகைய வினாக்களை அது எழுப்புகிறது. மூன்றாவது, கலை, உடற்பயிற்சி, தொண்டு ஆகியவற்றில் ஈடுபடுதல். ஒவ்வொரு பாடத்திற்கும் 7 மதிப்பெண். நெடுங்கட்டுரைக்கும் அறிவியல்புப் பாடத்திற்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. பட்டயம் பெறுவதற்கு 24 மதிப்பெண்ணேனும் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவரை இது எங்ஙனம் ஆயத்தப்படுத்துகிறது? அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் அன்று, பழக்கமின்மையால். ஆசிரியர் குறிப்புச் சொல்லித் தரமாட்டார். நூலகத்தில் தாமே தேட வேண்டும்; பிறர் கருத்தைப் பிறர் கருத்தென்று குறிப்பிட்டு எடுத்தாள வேண்டும்; தம் முடிவைக் காரணம் காட்டி நிலைநாட்ட வேண்டும். மனப்பாடத்தில் மட்டும் வல்லவரான மாணவர் அங்கே திகைத்துவிடுவார். நெடுங்கட்டுரை எழுதிய மாணவரோ இத்தகைய உழைப்பை ஒருமுறையேனும் செய்து முடித்தவர். பள்ளியிலேயே அத்தடுமாற்றத்தைக் கடந்துவிடுவதால் பின்னர் அது அவரை வருத்துவதில்லை.

இம்முறையில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தாய்மொழிக்கு அளிக்கப்பட்டுள்ள இடமாகும். இத்திட்டம் பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மொழிகளிலேயே நடைபெறுகிறது. எனினும் முதற்பாடமான இலக்கியத்தை மாணவர் தம் தாய்மொழியில் கற்க வழி உண்டு. பள்ளியில் அம்மொழிக்கு ஆசிரியர் இல்லையெனில், பள்ளியின் துணையோடு மாணவர் தாமே பயின்று பரீட்சை எழுதும் ஏற்பாடும் இருக்கிறது. போதிய எழுத்திலக்கியம் உள்ள மொழியா என்பதே கேள்வி. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழ் அத்தகுதி உடையது என்று சொல்லவும் வேண்டுமோ? பொதுத்தர இலக்கியப் பாடத்தில் 9 நூல்களைப் பயில வேண்டும். அவற்றுள் 3 நூல்களேனும் வேறுமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். தன் மொழியில் வேரூன்றுவதும் பிறமொழிச் செல்வத்தை அறிவதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை இவ்விதி உணர்த்துகிறது. இரு மொழிகளை இலக்கியத் தரத்தில் கற்று, இரண்டிலும் உரிய மதிப்பெண் பெறுவோருக்கு இருமொழிப் பட்டயம் என்ற தனிச் சிறப்பும் உண்டு.

இதற்குக் காரணம் வெறும் பரிவன்று. ஆழ்ந்து சிந்திப்பதற்கு முதிர்ந்த ஒரு மொழி வேண்டும். ஏழு வயதில் ஒரு மொழி, பதினொன்றில் வேறொன்று, பதினைந்தில் மற்றொன்று என்று மாறிவரும் குழந்தைக்குப் பல மொழிகள் பேசத் தெரியும். எம்மொழியிலும் ஒரு கருத்தை முற்ற எடுத்துரைக்கத் தெரியாமற் போகலாம். பல்கலைக்கழகத்தின் வாயிலில் அக்குறை வெளிப்பட்டுவிடும்.

நிறைகளைக் கூறிய நாம் குறைகளையும் கூறுதல் முறை. இப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாதது. பட்டயம் கிடைத்தால் இடமும் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு துறையும் இன்ன பாடம் இன்ன தரத்தில் வேண்டும் என்று விதிக்கிறது; பதினோராம் வகுப்பில் பாடம் தேர்வதற்கு முன்பே அதனை விசாரித்தறிதல் அவசியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இப்பட்டயத்தைப் பன்னிரண்டாம் வகுப்பிற்குச் சமமாக மதிக்கிறது. ஆயினும் நம் நாட்டில் மருத்துவத்திற்கு நீட் தேர்வும், ஐ.ஐ.டி.களில் பொறியியலுக்கு ஜே.இ.இ. தேர்வும் தனியே எழுத வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் 2022 முதல் இளங்கலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்துள்ளது. இங்கே மே மாதப் பரீட்சையின் முடிவு ஜூலைத் தொடக்கத்தில்தான் வெளியாகிறது என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது. தாய்மொழியைத் தாமே பயில விரும்புவோர், பள்ளியில் சேரும்போதே அதற்கு அங்கு ஏற்பாடு உண்டா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இத்தகைய பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப நம்மில் எத்தனை பேரால் இயலும்? மிகச் சிலரால்தான். மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென 1963இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்கள், ஒரே பாடத்திட்டம் என்ற வசதியை நாடெங்கும் நமக்கு அளித்துள்ளன. ஜினீவா நகரத்துப் பெற்றோர் தேடியதில் ஒரு பங்கு நமக்கு முன்னரே கிடைத்துவிட்டது. கிடைக்காதது தாய்மொழிப் பங்கே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப் பட்டியலில் 12ஆம் வகுப்பு வரை தமிழ் உண்டு; டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்திவருகிறது. ஆயினும் தமிழ் கற்பிக்கும் பள்ளி அருகில் இல்லாத குடும்பங்களே மிகுதி.

அத்தகைய இல்லங்கள் ஜினீவாவின் அனுபவத்திலிருந்து செலவின்றிப் பெறத்தக்கவை இரண்டு உள்ளன. முதலாவது, பள்ளியில் ஆசிரியர் இல்லை என்பதனால் தாய்மொழி இலக்கியத்தை விட்டுவிட வேண்டுவதில்லை என்னும் நம்பிக்கை. ஆண்டுக்கு நான்கைந்து நூல்களை முறையாகப் படித்து வீட்டாருடன் விவாதித்தால், இரண்டே ஆண்டுகளில் மேற்சொன்ன 9 நூல்கள் முடிந்துவிடும். இரண்டாவது, கட்டுரைப் பழக்கம். தாம் வாழும் ஊரின் சந்தை, அண்டை வீட்டார் பண்டிகை, தந்தையின் பணியிடம் என ஏதேனும் ஒரு பொருளை ஆராய்ந்து, பிள்ளைகள் தமிழில் விரிவாக எழுதட்டும். பிழை இருப்பினும் குற்றமில்லை.

பல்கலைக்கழகத்தின் வாயில் மதிப்பெண்ணுக்குத் திறக்கிறது. உள்ளே சென்றபின் மாணவரைத் தாங்குவது தெளிவாகச் சிந்திக்கும் பழக்கமே. அப்பழக்கத்தைத் தாய்மொழியில் பெற்ற பிள்ளை, எந்நாட்டு வகுப்பறையிலும், எம்மொழியிலும் தலைநிமிர்ந்து வினா எழுப்பும்.