பரணில் உறங்கும் வால்வு ரேடியோ

நம் தந்தையார் காலத்தில் கல்லாவுக்கு மேலே பலகை அடித்து மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று ஏதாவது ஒரு வால்வு ரேடியோ வைத்திருப்பார்கள். இலங்கை வானொலிப் பாட்டுக்காகவே கூட இரண்டு நிமிடம் நின்று சரக்கு வாங்கியவர்கள் உண்டு. டிரான்சிஸ்டர் வந்ததும் அவை பரணுக்குப் போயின.

இப்போது பழம்பொருள் வாங்குவோர் கடை கடையாக வந்து அவற்றைக் கேட்கிறார்கள். சிலர் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வெறும் பெட்டியில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்து விற்கிறார்கள். மிளகில் பப்பாளி விதை கலப்பதற்கும் இதற்கும் நம் கணக்கில் வித்தியாசம் இல்லை. கொடுப்பதற்கு முன், பழுது பார்க்க முடியுமா என்று யோசிப்பது நல்லது.

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகி “பாடுகிறதா” என்று பார்க்கவே கூடாது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டியில் முதலில் கெடுவது கண்டென்சர்கள். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் ஈரம் வாங்கிக் கசியும். அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருப்பது கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும். கூடவே டிரான்ஸ்பார்மரும் கருகலாம். சில ரூபாய்க் கண்டென்சருக்காகக் கிடைத்தற்கரிய பாகங்களை இழப்பது நஷ்ட வியாபாரம். விவரம் தெரிந்த மெக்கானிக், கண்டென்சர்களைப் பார்த்து மாற்றிய பிறகு, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் முதல் மின்சாரம் கொடுப்பார். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள்.

உள்ளே 250 வோல்ட் அளவுக்கு டி.சி. மின்சாரம் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். ஏ.சி./டி.சி. இரண்டிலும் ஓடும் ரகங்களில் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் வரக்கூடும். ஆகவே கடைப் பையன்களைத் திறக்க விடாதீர்கள்.

பழைய கண்டென்சரின் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெல்லச் சூடாக்கி உள்ளிருப்பதை உருவி எடுத்து, 630 வோல்ட் தாங்கும் சிறிய புதுக் கண்டென்சரை அதற்குள் வைத்து மெழுகால் அடைத்துவிடலாம். பார்வைக்குப் பழையது, வேலைக்குப் புதியது. இதைக் கலப்படம் என்று நாம் சொல்லமாட்டோம்; பெட்டிக்குள் ஒரு சீட்டில் எதை, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று எழுதி ஒட்டிவிட்டால் வாங்குபவரிடமும் ஒளிவுமறைவு இல்லை. வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சோதிக்காமல் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் சற்று எச்சரிக்கை தேவை.

டயல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள்; ஊர்ப் பெயர்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும், ஈரத்துணி பட்டால் கொழும்பும் டில்லியும் துணியோடு வந்துவிடும். மரப்பெட்டியைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடிக்கவும் வேண்டாம், தூசு தட்டி மெழுகுப் பாலிஷ் போட்டாலே போதும்.

கூலியை முன்கூட்டியே பேசி, கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.