அடைமழைக் காலத்து ஏலம்

2023 டிசம்பர் 19ஆம் தேதி துபாயில் ஐபிஎல் ஏலம் நடந்தபோது, மாஞ்சோலை மலையில் எங்கள் நாலுமுக்கு எஸ்டேட்டில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, கீழே இறங்க ரோடும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்து நின்றது. மலைமேல் எங்களுக்கு மண்சரிவும் இருட்டும் குளிரும். லைன் வீட்டு அடுப்படியில் ஏழெட்டுப் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் பெரியப்பா. அவர் முன்னால் ஒரு சுளகு. சுளகில் 31 புளியங்கொட்டை.

கொட்டை ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் கணக்கு. அந்த ஏலத்துக்குப் போகும்போது சென்னை சூப்பர் கிங்ஸ் கையில் இருந்த பணம் 31.4 கோடி. நாங்கள் சில்லறையை விட்டுவிட்டோம்.

"ராயுடு ரிட்டையர் ஆயிட்டாரு. அந்த இடத்துக்கு ஒரு ஆளு வேணும்லா? மொதல்ல அதுக்கு ஒதுக்குங்கல" என்று பெரியப்பா பத்துக் கொட்டையைத் தள்ளிவைத்தார். என் மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, 16 கோடிக்கு மேல குடுத்து ஸ்டோக்ஸ எடுத்தோம். ரெண்டே மேட்ச் ஆடுனாரு. அவர விட்டதுலதான் இந்தக் காசுல பாதி வந்துருக்கு. மறுபடியும் வெளிநாட்டு ஆளுக்கே கொட்டுவியளா?" ஷர்துல் தாக்கூரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார் இன்னொருவர். நடுச்சாமம் வரைக்கும் கொட்டைகள் சுளகில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தன. ஏலம் அன்றைக்கே முடிந்துவிட்டது; எங்கள் ஏலம் மேலும் மூன்று இரவுகள் நடந்தது.

நாலாம் நாள் செய்தி வந்தது. டேரில் மிட்செல் 14 கோடி. சமீர் ரிஸ்வி 8.4 கோடி. ஷர்துல் 4 கோடி. முஸ்தபிசுர் 2 கோடி. ரச்சின் ரவீந்திரா 1.8 கோடி. ரிஸ்வி என்ற பெயரை எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்துப் பையன், வயது 20, அடிப்படை விலை 20 லட்சம். பெரியப்பா எட்டுக் கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறு வருஷமே சென்னை அவரை விட்டுவிட்டது. டெல்லி 95 லட்சத்துக்கு எடுத்தது. எட்டுக் கொட்டைக்கு மேல் மதிப்புப் போட்டவருக்கு ஒரு கொட்டை முழுசாகத் தேறவில்லை. ஒரே வருஷத்தில் அந்தப் பையன் அவ்வளவு மாறிவிட்டானா?

கிரிக்கெட் பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தும் இந்தக் கணக்கு புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் மார்ச்சிலிருந்து மே வரை. அது முடிந்ததும் ஒவ்வொரு அணியும் யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுகிறது என்று பட்டியல் தர வேண்டும். விட்டவர்களின் சம்பளம் அணியின் கையிருப்பில் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு நவம்பரிலோ டிசம்பரிலோ ஏலத்தில் உட்கார வேண்டும். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அணிகளைக் கிட்டத்தட்டக் கலைத்துவிட்டுப் பெரிய ஏலம் நடக்கும். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்தது அப்படிப்பட்டது. அணிக்கு 120 கோடி. ரிஷப் பந்த் 27 கோடிக்கு லக்னோவுக்குப் போனார். இது தவிர, ஏலம் இல்லாமலே இரண்டு அணிகள் பேசி ஆளை மாற்றிக்கொள்வதும் உண்டு. 'டிரேட்' என்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற மாதங்கள் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் தொடக்கம். எங்கள் மலையின் நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்குகிற இடங்களில் இரண்டு. மழைச் செய்தி வாசிக்கும்போது நீங்களும் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். கிரவுண்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மட்டையை எடுக்க முடியாது, பேச்சுதான். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கும் இதே பழக்கம் என்று நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் சொன்னான். நவம்பர் தொடக்கத்துக்குள் அங்கே பேஸ்பால் முடிந்துவிடும். பனி கொட்டுகிற நாட்களில் கடையில் எரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, எந்த ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போவான் என்று பேசித் தீர்ப்பார்களாம். நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பேச்சுக்கே 'சூடான அடுப்பு லீக்' என்று பெயர். அவன் அதைச் சொன்னபோது எனக்குச் சுளகும் புளியங்கொட்டையும்தான் கண்ணில் வந்தன.

2024 ஜூனில் எஸ்டேட் வேலை நின்றது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு அது. 2028இல் குத்தகை முடிகிறது. என் அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தாள். நான் பேக்டரியில் எடை போட்டேன். இப்போது கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீடு. பெரியப்பா மகளோடு திருப்பூரில். மச்சான் அம்பாசமுத்திரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அடுப்படி கலைந்தாலும் சண்டை போனில் தொடர்கிறது.

2025 நவம்பரில் வந்த சண்டை மற்றதையெல்லாம் மிஞ்சியது. அந்த சீசனில் சென்னை கடைசி இடத்தில் முடித்திருந்தது. அணியின் வரலாற்றில் முதல் தடவை. ஆள் மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதம் இல்லை. ஆனால் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கியபோது வீடு இரண்டாகிவிட்டது. "கணக்குச் சரியாத்தான் இருக்கு மாப்ள" என்றார் மச்சான். "ஜடேஜாவுக்கு 37 வயசு ஆவப் போவுது. சாம்சனுக்கு 31. கீப்பரும் ஆச்சு, பேட்ஸ்மேனும் ஆச்சு. தோனிக்கு அப்புறம் யாருன்னு நெனச்சுப் பாத்தியளா?" பெரியப்பா திருப்பூரிலிருந்து கத்தினார்: "2023 பைனல்ல ரெண்டு பந்துல பத்து ரன்னு. ஒரு சிக்ஸ், ஒரு போரு. அத எந்தக் கணக்குலல எழுதுவ?"

அகமதாபாத்தில் மழையால் தள்ளிப்போய், விடிந்தால் மே 30 என்ற நேரத்தில் முடிந்த ஆட்டம் அது. மோகித் சர்மா போட்ட கடைசி இரண்டு பந்துகள். அன்றைக்கு எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் தூக்கமில்லை.

இந்தக் கூச்சலையெல்லாம் கேட்டுக்கொண்டே முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ஏய்யா, போறியான்னு அந்தப் புள்ளைகிட்ட கேட்டாங்களா?"

கேட்டிருப்பார்கள். டிரேட் என்றால் ஆட்டக்காரர் சம்மதம் கட்டாயம். ஜடேஜாவும் சம்மதித்துத்தான் போனார். அவர் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. "அப்ப ஏலத்துல போறவங்க?" என்றாள் அம்மா. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. இந்த அணியில் இருக்க மாட்டேன் என்று ஓர் ஆட்டக்காரர் சொல்லலாம், கே.எல்.ராகுல் பஞ்சாபிலிருந்து அப்படித்தான் வெளியே வந்தார். ஆனால் எங்கே போகிறேன் என்று சொல்ல ஏலத்தில் இடமில்லை. யார் கை கடைசியில் உயர்கிறதோ அந்த ஊர்.

ஜடேஜா கதையில் பலர் மறந்துவிட்ட ஒரு பக்கம் உண்டு. 2008இல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் இளைஞர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசப் போனார் என்று சொல்லி, 2010 ஐபிஎல் முழுவதும் அவரை ஆடவிடாமல் தடைசெய்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. அடுத்து 2011இல் கொச்சி, அந்த அணியே ஒரு வருஷத்தில் கலைந்தது. 2012இல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை. சென்னைக்காக 12 சீசன் ஆடிவிட்டு, மறுபடி ராஜஸ்தான்.

இதே 12 என்ற எண்ணை அமெரிக்காவிலும் பார்க்கிறேன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 சீசன் ஆடிய கர்ட் பிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டதாக ஒரு போன் வந்தது. அன்றைய விதிப்படி ஓர் அணியில் கையெழுத்துப் போட்டவர் அந்த அணி விடும்வரை அதற்கே சொந்தம். பிளட் போக மறுத்தார். தான் வாங்கி விற்கிற சரக்கு இல்லை என்று பேஸ்பால் தலைமை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். வழக்குப் போட்டார். 1970 சீசன் முழுவதும் ஆடவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. ஆனால் 1975 டிசம்பரில் வேறு இரண்டு பந்துவீச்சாளர்களின் முறையீட்டில் நடுவர் சொன்ன தீர்ப்பால் அந்தப் பழைய விதி உடைந்தது. இன்று அங்கே ஆறு ஆண்டுகள் ஆடிய எவரும், ஒப்பந்தம் முடிந்ததும், தனக்குப் பிடித்த அணியோடு தானே பேசலாம். 2023 டிசம்பரில் ஷோகெய் ஓடானி டாட்ஜர்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தது அப்படித்தான், பத்தாண்டுக்கு 70 கோடி டாலர். அவருடைய ரசிகர்கள் அந்தக் குளிர்காலத்தில் கேட்ட கேள்வி, ஓடானி எங்கே போக விரும்புகிறார் என்பது. நாங்கள் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை கொட்டை என்றுதான் கேட்டிருக்கிறோம்.

நம் பக்கத்து மனக்குறை ஒன்றும் இங்கேதான் வந்து முட்டுகிறது. சென்னை அணியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் பிறந்த இடம் எங்கள் தாழையூத்து. நிறுவியவர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயர் கல்லிடைக்குறிச்சிக்காரர். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்கிற டிஎன்பிஎல் ஆட்டம் பார்க்க அந்த ஆலை மைதானத்துக்குப் பஸ் ஏறிப் போகிற எங்களுக்குச் சென்னை 'நம்ம டீம்'. அதனால்தான் தமிழ்நாட்டுப் பையன்களை ஏன் எடுப்பதில்லை என்று கோபம் வருகிறது. 2008 ஏலத்தில் சென்னை 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தது. தினேஷ் கார்த்திக் டெல்லிக்குப் போனார். பிறகு 17 சீசன், ஆறு அணிகள். பிறந்த ஊர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறேன் என்று அவர் நினைத்திருந்தாலும், அதைச் சொல்ல அவருக்கு வாசல் இல்லை. அஸ்வின் 2015க்குப் பிறகு நாலு அணி சுற்றி, 2024 ஏலத்தில் 9.75 கோடிக்கு வந்து சேர்ந்தார். ஒரே சீசன், பிறகு ஐபிஎல்லையே விட்டார்.

ஏலம் சொல்கிற விலைதான் ஒருவரின் தகுதி என்று நம்புகிறவர்கள் சாய் சுதர்சனைப் பார்க்கலாம். 2023இல் முதன்முதலாக டிஎன்பிஎல்லுக்கு ஏலம் வைத்தபோது கோவை அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே நேரம் ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். 2025இல் அவர்தான் ஐபிஎல்லிலேயே அதிக ரன் அடித்தவர், 759.

தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால் பணக்கார அணி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று மச்சான் சொல்கிறார். பேஸ்பாலில் அந்தப் பயம் நியாயம். அங்கே சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு இல்லை. இங்கே எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம்தான். ஒருவருக்கு 27 கோடி கொடுத்தால் மற்ற 24 பேருக்கு மிச்சம்தான். அதோடு, 2022இல் லக்னோவும் குஜராத்தும் புதிதாக வந்தபோது, ஏலத்துக்கு முன்பே தலா மூன்று பேரோடு பேசி முடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். ராகுல் லக்னோவுக்கும் ஹர்திக் பாண்டியா குஜராத்துக்கும் போனது அந்த வழியில்தான். ஐபிஎல் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

2025 டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபி ஏலத்தை அம்மாவும் உட்கார்ந்து பார்த்தாள். சென்னை பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.2 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத ஆட்டக்காரர்களுக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. பெரியப்பா போனில் உடனே, "ரிஸ்வி மாதிரி ஆயிரக் கூடாதுல" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். அந்தப் பையன்களுக்கு இரண்டு மூன்று வருஷமாவது கொடுங்கள் என்று சென்னை அணியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிரிக்கெட் வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஐபிஎல்லில் ஆறு சீசன் ஆடி முடித்தவர்களை ஏலத்துக்கு முன்னால் ஒரு வாரம், விரும்பும் அணியோடு பேச விடுங்கள். கையிருப்பு வரம்பு அப்படியே இருக்கட்டும். பேச்சு சரிப்படாதவர்கள் பிறகு ஏலத்துக்கு வரட்டும். 21 வயதில் ஜடேஜா எதைச் செய்ததாக ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தாரோ, அது இனி வருகிற பையன்களுக்கு விதிப்புத்தகத்திலேயே எழுதிய உரிமையாக இருக்க வேண்டும்.