கைக்கேற்ற கருவி: முதல் யுகுலேலே வாங்குவோர்க்குச் சில வார்த்தைகள்

"வளரும் பிள்ளை, சற்றுப் பெரிதாகவே தையுங்கள்" என்று தையற்காரரிடம் கூறுவது நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அது பொருந்தும். தோளிலே சிறிது தொங்கும் சட்டை பிள்ளையின் நடையைத் தடுப்பதில்லை. அடுத்த ஆண்டு அதுவே அளவாகியும் விடும். இசைக் கருவிக்கோ இம்முறை பொருந்தாது. கைக்கு எட்டாத கருவி பிள்ளையை இசையினின்றே விலக்கிவிடும்.

யுகுலேலே என்னும் சிறிய தந்திக் கருவியை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றேன். கிற்றாரின் இளைய தங்கை போன்ற தோற்றமுடையது. நான்கே தந்திகள் கொண்டது. மடியில் வைத்தோ மார்போடணைத்தோ வாசிக்கத்தக்கது. உருக்குத் தந்திகளன்றி நைலோன் போன்ற மென்மையான தந்திகளே பூட்டப்படுவதால் இளம் விரல்களை அதிகம் வருத்தாது. பாடசாலைப் பிள்ளைகள் பலர் இதனை விரும்பிக் கேட்கின்றனர். வாங்கிக் கொடுக்க எண்ணிக் கடைக்குச் செல்லும் பெற்றோரோ அங்கே திகைத்து நிற்கின்றனர். சுவரிலே ஒரே கருவி நான்கு அளவுகளில் தொங்குகின்றது. எதனை வாங்குவது?

மாத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்த தந்தை ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டார். மகளுக்கு வயது ஒன்பது. சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. "பெரிதாகவே வாங்கிவிட்டால், பிள்ளை மேல்வகுப்புக்குப் போனாலும் உதவுமில்லையா, சேர்?" என்றார். அவர் எண்ணத்திற் குற்றமில்லை. ஒரு முறைதான் செலவு செய்ய இயலும் என்ற நிலையிலுள்ள குடும்பம், அச்செலவு நெடுங்காலம் பயன்தர வேண்டுமென நினைப்பது இயல்பே. ஆனால் அந்த ஒரு முறை பிழைத்துப்போனால் இழக்கப்படுவது பணம் மாத்திரமன்று. மெட்டை எட்ட முடியாது மணிக்கட்டு நோகும் பிள்ளை, கருவி பெரிதென்று சொல்லாது; "எனக்குச் சங்கீதம் வராது" என்றே சொல்லும். அத்தீர்ப்பு வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுவதும் உண்டு.

கரும்புத் தோட்டத்துக்கு வந்த கருவி

இக்கருவியின் பிறப்பை அறிந்தால் அளவு பற்றிய மயக்கம் பாதி தெளியும். போர்த்துக்கல் நாட்டுக்குரிய மதேராத் தீவிலிருந்து புறப்பட்ட 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல், 1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை செய்யவென நானூற்றுக்கு மேற்பட்டோர் அதில் வந்திறங்கினர். அவர்களுள் மனுவெல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ என்னும் மூன்று தச்சர்கள் இருந்தனர். மதேராவில் வழங்கிய 'மச்சேத்' என்ற சிறு நான்கு தந்திக் கருவியை அடிப்படையாகக் கொண்டு, ஹவாயில் வளரும் கோவா மரத்தாலே இவர்கள் செய்த கருவியே யுகுலேலே ஆயிற்று. ஹவாய் மொழியில் இச்சொல்லுக்குத் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள் கூறுவர். வாசிப்பவரின் விரல்கள் தந்திகளில் தாவும் விரைவைக் கண்டு இட்ட பெயர் என்பது ஒரு விளக்கம். அந்நாட்டு மன்னர் கலகாவா இதனை ஆதரித்தமையால் அரண்மனையிலும் இதன் ஒலி கேட்டது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. அதே நூற்றாண்டிலேதான் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர் மலையகத்து நம் முன்னோர் பலர். தப்பும் உடுக்கும் பாட்டும் கூத்தும் அவர்களோடு வந்தன. பிழைப்புத் தேடிப் பெயர்ந்து செல்லும் மக்களின் கருவி, மூட்டையோடு மூட்டையாகக் கொண்டு செல்லத்தக்கதாகவே இருக்கும். ஆகவே, யுகுலேலே சிறியதாயிருப்பது அது சிறுபிள்ளை விளையாட்டுப் பொருள் என்பதனாலன்று. அதனை முதலில் வாசித்தோர் உழைத்துக் களைத்த பெரியவர்களே. பெரிய அளவுகள் 1920களிலும் அதன் பின்னருமே பரவலாயின.

நால்வகை அளவு

வயலினில் அரை, முக்கால் என்ற அளவுகள் உள்ளன. அவை பிள்ளையின் கை வளர வளர மாற்றிக்கொள்வதற்காக அமைந்தவை. வளர்ந்தவருக்கு உரியது முழு அளவு ஒன்றே. யுகுலேலேயின் நான்கு அளவுகளும் அத்தகையன அல்ல. அவை நான்கு குரல்கள். எந்த வயதினரும் எதனையும் வாசிக்கலாம்.

அவற்றுள் மிகச் சிறியது சொப்ரானோ; மொத்த நீளம் ஏறத்தாழ 21 அங்குலம். அடுத்தது கொன்சேட், 23 அங்குலம். மூன்றாவது டெனர், 26 அங்குலம். மிகப் பெரியது பரிடோன், 30 அங்குலம். ஆயினும் மொத்த நீளத்தைவிட முக்கியமானது, தந்தி அதிரும் நீளம். தண்டியின் தலைப்பக்கத்து மேட்டிலிருந்து குதிரை வரையுள்ள தூரம் அது. சொப்ரானோவில் ஏறத்தாழ 13½ அங்குலமும், கொன்சேட்டில் 15 அங்குலமும், டெனரில் 17 அங்குலமும், பரிடோனில் 19 அங்குலமும் இருக்கும். செய்வோருக்கேற்ப இவை சிறிது மாறுபடலாம்.

இதனால் விளைவது யாது? முதல் நான்கு மெட்டுகள் பரந்துள்ள தூரத்தைக் கணக்கிட்டால், சொப்ரானோவில் அது 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கொன்சேட்டில் 3 அங்குலத்துக்குச் சற்று மேல். டெனரில் மூன்றரை அங்குலம். பரிடோனில் 4 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. தொடக்கக்காரரின் விரல்கள் உலவும் இடம் இந்த நான்கு மெட்டுகளே. அரை அங்குலம் என்பது நமக்கு அற்பம். ஒன்பது வயதுக் கைக்கோ அது ஒரு கணவாய்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரே வகைத் தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, அதற்கு வேண்டிய இழுவிசை தந்தி நீளத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். சொப்ரானோவிலுள்ள தந்தியை டெனரிலே பூட்டி அதே சுருதிக்குக் கூட்டினால் இழுவிசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். கடையில் ஒவ்வோரளவுக்கும் தனித்தனித் தந்திகள் விற்கப்படினும், நீண்ட கருவியின் தந்தி பொதுவாக விறைப்பாகவே இருக்கும். அவ்விறைப்பு ஒலிக்கு நிறைவைத் தரும். பழகாத விரல் நுனிக்கு நோவையும் தரும்.

சரளி வரிசைச் சோதனை

முதல் மூன்று அளவுகளும் ஒரே சுருதியமைப்பு உடையவை. நான்காம் தந்தியிலிருந்து முறையே ஜீ, சீ, ஈ, ஏ என மேலைத்தேயத்தார் கூறுவர். நம் முறையில் ஒரு கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்டால் அவை பஞ்சமம், சட்ஜமம், அந்தர காந்தாரம், சதுசுருதி தைவதம் ஆகின்றன. மோகன இராகத்தின் ஐந்து சுரங்களுள் நான்கு, விரல் வைக்காமலே கிடைத்துவிடுகின்றன! எஞ்சிய ரிஷபம் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலே உள்ளது.

சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையும் எளிதே. மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் ஸ. அதன் முதல் மெட்டில் ரி. இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினால் க, அதன் முதல் மெட்டில் ம, மூன்றாவதில் ப, நான்காவதில் த. முதலாம் தந்தியின் இரண்டாம் மெட்டில் நி. மூன்றாவதில் மேல் ஸ. எட்டுச் சுரங்களும் நான்கு மெட்டுகளுக்குள் அடங்கிவிட்டன. வீணையின் கமகம் இதிலே வாராது. அதனை இக்கருவியிடம் எதிர்பார்த்தலும் முறையன்று. ஆயினும் சுரத்தானங்களைக் காதும் கையும் ஒருங்கே கற்க இது நல்ல துணை.

அளவு தேர்வதற்கும் இவ்வரிசையே உரைகல். கடையிலே பிள்ளையை அமரச் செய்து, சுட்டுவிரலை முதல் மெட்டிலும் சிறுவிரலை நான்காம் மெட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு முறுகாமலும் தோள் உயராமலும் வைக்க இயன்றால் அக்கருவி அப்பிள்ளைக்கு உரியது. இயலாவிட்டால், விலை எவ்வளவு மலிவாயினும் அதனைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள்.

யாருக்கு எது?

ஐந்து முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொப்ரானோவே தக்கது. அதற்கு மேற்பட்ட மாணவர்க்கும், புதிதாகக் கற்க விரும்பும் பெரியோர்க்கும் கொன்சேட் நடுநிலையானது. கை பெரியவர்களும் கிற்றார் பழகியவர்களும் டெனரை நாடலாம். ஆனால் கொழுத்த விரலுடையோர் ஒன்றை நினைவிற்கொள்க: அளவு ஏறும்போது மெட்டுகளின் இடைவெளி விரியுமேயன்றி, தந்திகளுக்கிடையேயுள்ள இடைவெளி அந்த அளவுக்கு விரிவதில்லை. பரிடோன் முதற் கருவியாதல் நன்றன்று. அதன் தந்திகள் கிற்றாரின் கடைசி நான்கு தந்திகளைப் போல டீ, ஜீ, பீ, ஈ எனக் கூட்டப்படுவன. வகுப்பிலே ஏனையோர் ஒரு விரலமைப்பைப் பழக, பரிடோன் கொண்டு சென்ற பிள்ளை மாத்திரம் வேறொன்றைப் பழக நேரிடும்.

மேற்சொன்ன தந்தைக்கும் இதனையே விளக்கினேன். பணத்தை அனுப்பித் தபாலில் வருவிக்காது, மகளையும் அழைத்துக்கொண்டு கண்டிக்குச் சென்றார். அவள் சிறுவிரல் டெனரில் நான்காம் மெட்டை எட்டவில்லை, கொன்சேட்டில் எட்டியது. முழுதும் வளர்ந்த பின்னரும் அக்கருவி அவளுக்குச் சிறிதாகிப் போகாது. "பெரிதாக வாங்கினால் நாளைக்கும் உதவும்" என்ற அவர் விருப்பமும் இவ்வாறு நிறைவேறியது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

திருவிழாக் கடைகளில் விளையாட்டுப் பொருளாக விற்கப்படுபவை பெரும்பாலும் சுருதி நில்லாதவை. அவற்றைக் கற்பதற்கென வாங்கலாகாது. நல்ல கருவியை அறிய எளிய வழியொன்று உண்டு. பன்னிரண்டாம் மெட்டு, தந்தி நீளத்தின் சரிபாதியில் அமைந்தது. தந்தியைத் திறந்து மீட்டிய ஒலி கீழ் ஸ ஆனால், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டிய ஒலி துல்லியமாக மேல் ஸ ஆக வேண்டும். நான்கு தந்திகளிலும் இதனைச் சோதியுங்கள். பிறகு தண்டியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மெட்டின் முனை விரலைக் கீறலாகாது. பிரடைகள் தாமே நழுவலாகாது.

மலைநாட்டு ஈரமும் தம்புள்ளைப் பக்கத்து வெயிலும் மரத்துக்குப் பகை. முழுப் பலகையாற் செய்த விலையுயர்ந்த கருவியைவிட, மென்தகடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகைக் கருவி இம்மாற்றங்களை நன்கு தாங்கும். முதற் கருவிக்கு அதுவே போதும். அடுப்படிக்கு அருகிலோ ஈரச் சுவரிலோ, வெயிலில் நிறுத்திய வாகனத்திலோ அதனை வையாதீர்கள். புதுத் தந்திகள் சில நாள்கள் இளகிக்கொண்டே இருக்கும், அது குறையன்று. கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் செயலியைக் கொண்டு நாள்தோறும் கூட்டிக்கொள்ளலாம். நீடித்து உழைக்குமென எண்ணி உருக்குத் தந்தி பூட்டினால், குதிரை பெயரும், தண்டி வளையும்.

மாண்டலின் என்னும் சிறிய மேனாட்டுக் கருவியைக் கர்நாடக இசையரங்கின் நடுவே அமர்த்திய யு. ஸ்ரீநிவாஸை (1969–2014) யாவரும் அறிவர். ஆந்திராவின் பாலக்கொல்லு ஊரிலே பிறந்த அவர், ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து மீட்டினார். பிள்ளையின் ஆற்றலைக் கண்ட தந்தை, அவருக்கென்றே புதிய மாண்டலின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். "பெரிய வாத்தியம் ஏதேனும் படி" என்று அதனைப் பறித்து வைத்திருந்தால், இசையுலகு எத்தகைய செல்வத்தை இழந்திருக்கும்!

எல்லாப் பிள்ளைகளும் ஸ்ரீநிவாஸ் ஆகப் போவதில்லை, ஆகவேண்டியதுமில்லை. மாலையில் பாடம் முடித்தபின் முற்றத்திலிருந்து மோகனத்தில் நான்கு சுரம் மீட்டி, அதனோடு தானும் பாடும் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தாற் போதும். அதற்கு வேண்டியது பெரிய கருவியன்று, விலையுயர்ந்ததுமன்று. பிள்ளையின் கையை அளந்து வாங்கிய கருவியே.