அண்டை நிலமும் அமானிதமும்

சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், ஓர் இளைஞர் கையில் பத்திரக் கட்டோடு என் முன்னே வந்தமர்ந்தார். சென்னையின் தென்புறநகரில் அவர் வீடு வாங்கி ஓராண்டு கூட நிறையவில்லை. வீட்டின் கிழக்கே பரந்த வெற்று நிலம். அந்த வெளியைக் கண்டே அவ்வீட்டை விரும்பினார். அதற்காகவே சற்றுக் கூடுதல் விலையும் கொடுத்தார். இப்போது அந்நிலத்தில் அடித்தளம் தோண்டுகிறார்கள். நான்கு மாடிக் குடியிருப்பு எழப் போகிறதாம். வீட்டை விற்ற பெரியவருக்கு இது முன்பே தெரியும் என்பதும் பிறகே வெளிவந்தது.

“ஹஜ்ரத், அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. இந்த வியாபாரம் மார்க்கத்தில் எப்படி?” என்று அவர் கேட்டார்.

வாசக அன்பர்களே! வீடு வாங்க நினைக்கும் நம்மில் எவருக்கும் நாளை இக்கேள்வி எழக்கூடும். ஆதலின் அவருக்குக் கூறியதைச் சற்று விரித்து உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

முதலில் பத்திரத்தை விரித்துச் செக்குபந்தியைப் படிக்கச் சொன்னேன். இன்னாருக்குச் சொந்தமான காலிமனைக்கு மேற்கு என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியிலேயே பாதி விடை அடங்கிவிட்டது. அவர் வாங்கியது வீடும் மனையும். அந்த வெளி பிறருடையது. அதன் மீது வந்த காற்று, நிலத்துக்குரியவர் கட்டாமலிருந்த காலம் வரை கிடைத்த இரவல்.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபை ஒட்டித் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டக் கோவை இதனை வெகு நுட்பமாகப் பிரித்துரைக்கிறது. அண்டை வீட்டான் கட்டடம் எழுப்புவதால் ஒருவருடைய காற்றும் காட்சியும் மறைவதைப் பெருந்தீங்காக அது கொள்வதில்லை. ஆனால் ஓர் அறையின் சாளர வெளிச்சம் முற்றாக அடைபடுமாயின் அது பெருந்தீங்கு, தடுக்கத் தக்கது. பெண்கள் நடமாடும் சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகியவை பக்கத்து வீட்டிலிருந்து தெரிவதும் அவ்வாறே. மறைப்பு எழுப்பும்படி அண்டை வீட்டானுக்கு ஆணையிடலாம். கடற்காற்றை இழந்தவருக்கு வழக்கில்லை. வீட்டுப் பெண்களின் மறைவை இழந்தவருக்கு வழக்குண்டு! நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோர 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது. நம் இளைஞர் அனுபவித்ததோ ஓராண்டுக்கும் குறைவு.

அவ்வாறாயின் விற்றவர் மீது பிழையே இல்லையா? இங்குதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. பொய்யை மட்டும் சொல்லி நிறுத்தாமல் மறைத்தலையும் அதனோடு சேர்த்துக் கூறினார்கள் என்பதைக் கவனியுங்கள். “நான் பொய் சொல்லவில்லையே” என்பது பாதி விடுதலைதான்.

எதை மறைத்தால் குற்றம் என்பதை ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. வீட்டின் சுவர் விரிசலை மட்டும் அவை குறையாகக் கொள்ளவில்லை. துணி வெளுப்போர் பக்கத்தில் இருந்து, துணியடிக்கும் ஓசையாலும் அதிர்வாலும் வீட்டாருக்குத் தொல்லை நேருமாயின் அதுவும் விற்கப்படும் வீட்டின் குறையே என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘ரவ்ளா’ நூலில் காணலாம். தீங்கு பிறர் மனையிலிருந்து வருகிறது. எனினும் குறை இவ்வீட்டைச் சேர்கிறது. ஆகவே பக்கத்து வெளியில் குப்பைக் கிடங்கு வரப்போகிறதென உறுதியாக அறிந்தவர் அதைச் சொல்லாமல் விற்பது கூடாதென்பதே என் துணிபு.

ஆனால் குடியிருப்புப் பகுதியில் ஒருவர் தம் மனையில் வீடு கட்டுவது இவ்வகையைச் சேராது. வெற்று மனை ஒருநாள் வீடாகும் என்பது எவரும் அறிந்ததே. எனவே அந்த மௌனத்தை மட்டும் வைத்து வியாபாரத்தை முறிக்க இயலாது என்றேன். இளைஞரின் முகம் வாடியது.

அதன் பிறகே நான் ஒன்று கேட்டேன். வீட்டைக் காட்டிய வேளை எது? அசருக்குப் பின், என்றார். பெரியவரே கிழக்கு மாடத்தில் நாற்காலியைப் போட்டு அமரச் செய்து, இந்தக் காற்றுக்கே தனியாக விலை கொடுக்கலாம் என்றாராம்.

ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ நூலில் ஒரு செய்தி உண்டு. மாணவப் பருவத்தில் அதை ஓதியபோது, இப்படியும் ஒருவர் செய்வாரா என்று நாங்கள் சிரித்ததுண்டு. தண்ணீரால் சுழலும் திரிகையை விற்பவன், வாய்க்கால் நீரைத் தேக்கி வைத்து, வாங்குபவன் பார்க்க வரும் நேரத்தில் திறந்து விடுகிறான். திரிகை வேகமாகச் சுழல்கிறது. வாங்கியவன் உண்மையை அறிந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவனுக்குண்டு. பால் கறக்காமல் மடியைக் கனக்க வைத்து ஆட்டை விற்பதை நபிகளார் (ஸல்) தடுத்ததை அடியொற்றி இமாம்கள் கண்ட முடிவு இது. அத்திரிகைக்காரனும் வாயால் பொய் சொல்லவில்லை.

நிற்கப் போகும் காற்றென அறிந்தும் அதைப் புகழ்ந்து விலையை உயர்த்துவது இதற்கு வெகு அருகில் நிற்கிறது. வீட்டையே திருப்பும் அளவுக்கு இது செல்லுமா என்பதில் அறிஞர் வேறுபடலாம். காற்றின் பெயரால் பெற்ற கூடுதல் தொகை தூய்மையானதன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாங்குபவருக்கும் ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது தவக்குல் வைக்கும்படி பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். விசாரிப்பது தவக்குலுக்கு மாறன்று. பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஏறத்தாழ 5,000 எக்டேர் இருந்ததாகக் கூறப்படும் சதுப்பு நிலம் பலருடைய கண்ணுக்கு வெறும் வெளியாகவே தோன்றியது. அதன் ஒரு பகுதி பெருங்குடிக் குப்பை மேடாயிற்று; பல பகுதிகள் கட்டடங்களாயின. 2007-இல் 317 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரே வெளிக்கு எத்தனை கதிகள்! வெற்று நிலம் தன் எதிர்காலத்தை முகத்தில் எழுதி வைத்திருப்பதில்லை. ஆயினும் அரசாங்கப் பதிவேடுகளில் ஓரளவு எழுதியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் அது பட்டா நிலமா, மேய்க்கால் புறம்போக்கா, ஏரியா என அறியலாம். பெருநகர்த் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அது எவ்வகைப்பட்டது என்று காணலாம். அண்டை மனையின் சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று பார்க்கலாம். பூங்கா வரும் என்று மனைவிற்போர் சொன்னால், அவ்விடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கப்ரஸ்தானை ஒட்டிய வீடென்றால் நம்மவர்களே முகம் சுளிக்கிறார்கள். பக்கத்தில் மாடி எழாதென்று பெரிதும் நம்பத் தக்க வெளி அதுவன்றி வேறேது?

நிலத்துக்குரியவரையும் விட்டுவிடலாகாது. நபிகளாரால் விடுதலை செய்யப்பெற்ற அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு ஸஅத் (ரலி) அவர்களின் வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. வெளியார் ஒருவர் 500 தீனார் தரத் தயாராக இருந்தார். ஸஅத் அவர்களோ 4,000 திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையாகத்தான் என்றார்கள். அண்டை வீட்டாருக்கே நெருக்கத்தால் முதல் உரிமை என்று நபிகளாரிடம் கேட்டிராவிட்டால் தரமாட்டேன் என்று கூறி, அந்தக் குறைந்த விலைக்கே அபூராஃபிஉ கொடுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ‘ஷுஃப்ஆ’ எனும் இம்முன்னுரிமையை ஹனஃபிகள் அண்டை வீட்டாருக்கும் தருவர். ஷாஃபிஈகள் கூட்டுரிமையாளருக்கு மட்டுமே தருவர். 1870-இலேயே சென்னை உயர்நீதிமன்றம் அது இங்கே சட்டமாகச் செல்லாதென்று கூறிவிட்டது. நீதிமன்றம் கேட்காததை அபூராஃபிஉ (ரலி) அவர்களிடம் எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

ஜமாஅத்துப் பெரியவர்கள் இருவரோடு வீட்டை விற்றவரைச் சென்று கண்டோம். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் கழித்துத் தாமே வந்து, கூடுதலாகப் பெற்றதில் பாதியைக் கொடுத்தார். மறுபாதியை இளைஞர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். நிலத்துக்காரர் முஸ்லிம் அல்லர், நல்லவர். சமையலறைக்கு நேரே சாளரம் வைப்பதில்லை என்று இசைந்திருக்கிறார். மதிலின் உயரம் பற்றி இன்னும் பேசி வருகிறார்கள்.