அடிக்கட்டைக்குக் கீழே இருப்பது

பேராக் மாநிலத்து முவாலிம் மாவட்டத்தில் அமைந்த சிலிம் ரிவரைச் சுற்றி, ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனையும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளும் இடம்பிடித்துவிட்டதால், வீட்டுக் கொல்லையில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை என்ன செய்வது என்னும் கேள்விக்குத் தோட்டங்களின் பழைய அனுபவமே தக்க விடை தருகிறது.

ரப்பர்த் தோட்டங்கள் அஞ்சியது கட்டையை அன்று, அதில் குடியேறும் வெள்ளை வேர் நோயை. ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்னும் பூஞ்சையால் வரும் இந்நோயைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஹென்றி ரிட்லி 1904-இல் ரப்பர் மரத்தில் கண்டு பதிவுசெய்தார். செத்த கட்டையை உண்டு பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் இப்பூஞ்சை, வேரின்மேல் இறுக ஒட்டிய வெள்ளை இழைகளாகப் படர்ந்து, அடுத்த மரத்தின் வேர் தொட்ட இடத்தில் அதற்குள் நுழைந்துவிடும். இலை மஞ்சளிக்கும்போது வேர் பெரும்பாலும் அழுகி முடிந்திருக்கும். கட்டையடியில் ஆரஞ்சு நிறத் தட்டுக் காளான் முளைத்தால் ஐயத்துக்கு இடமில்லை. மறுநடவுக்கு முன் கட்டை விரைவில் மக்குவதற்காகத் தோட்டங்கள் அதற்கு நஞ்சிட்டன. தொடக்கத்தில் பயன்பட்ட சோடியம் ஆர்சனைட் மாட்டையும் மனிதரையும் கொல்லவல்லது என்பதால், அந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது எனலாம்.

கொல்லையில் நஞ்சு தேவையில்லை. கட்டையைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, பக்கவேர்களைக் கோடரியால் துண்டித்து, ஆணிவேரை அறுத்துப் புரட்டுவதே நம்பகமான வழி. தென்னைக்கு ஆணிவேர் இல்லாமல் சல்லிவேர்களே இருப்பதால் வேலை சற்று இலகுவாகும். ஆனால் மக்கும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமாகும் என்பதால் அதை விட்டுவைப்பது நல்லதன்று. கட்டையைச் சீவித் தூளாக்கும் இயந்திரம் தரைக்குக் கீழே சிறிது ஆழமே இறங்குவதால், புல்தரை போடுவோருக்கு அது போதும், மரம் நடுவோருக்குப் போதாது. டீசல் ஊற்றிக் கொளுத்துவது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் திறந்தவெளி எரிப்புத் தடைக்குள் வரும். உப்புக் கொட்டினாலோ மண் கெடும்.

நோய்ப்பட்ட கட்டையாயின், விரல் பருமனான வேர்த் துண்டுகளையும் பொறுக்கியெடுத்து, குழியைச் சில காலம் வெயிலில் ஆறவிட வேண்டும். பலாவும் மரவள்ளியும் இதே பூஞ்சைக்கு இரையாவதால், அந்த இடத்தில் அவற்றை உடனே நடுவது தகாது.