தீச்செங்கல் பலகைக்குப் பின்னால் சேரும் சாம்பல்

மரத்தூள் குறுணைகளை எரிக்கும் பெலட் அடுப்பு உள்ள வீடுகளில் சாம்பல் தட்டைக் கொட்டவும் கண்ணாடியைத் துடைக்கவும் யாரும் மறப்பதில்லை. உட்சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும் தீச்செங்கல் பலகையைத்தான் பலர் தொடுவதில்லை. பல அடுப்புகளில் அதற்குப் பின்னாலுள்ள புகைப்பாதையில் நுண்சாம்பல் படிகிறது. பாதை ஒடுங்கினால் சுவாலை தளரும், கண்ணாடி விரைவில் கறுக்கும், எரிதல் அரைகுறையாகிக் காபன் மொனொக்சைட் பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வூட்ஸ்டொக் நகரில், 2008 இல் ஒரே குடும்பத்தினர் நால்வரை இந்த வாயு கொன்றது. அங்கே அடைபட்டிருந்தது எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013 இல் ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. ஒன்ராறியோவில், எரிபொருள் சாதனம் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். வாடகை வீட்டில் அதைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அது ஒலித்தாலோ, வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்றாகத் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ உடனே வெளியே போய் 911 ஐ அழையுங்கள்.

பலகையைக் கழற்றுமுன் அடுப்பு முழுமையாக ஆறவேண்டும், மின்செருகியையும் பிடுங்கிவிடுங்கள். சாம்பலுக்குள் புதைந்த தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை வீட்டு வக்கூமால் உறிஞ்சினால் பை தீப்பிடிக்கலாம், நுண்சாம்பலும் வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பரவும். சாம்பலுக்கென்றே செய்த வக்கூம் வேண்டும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள்.

பலகையைத் தாங்கும் கொளுவிகளும் திருகுகளும் மாடலுக்கு மாடல் வேறுபடும்; கையேட்டைப் பார்த்துக் கழற்றுங்கள், முதலில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வார்ப்பிரும்பென்றால் தூரிகையால் அழுத்தித் தேய்க்கலாம். வெர்மிகுலைட், செராமிக் இழைப் பலகைகள் மிக மென்மையானவை. நெம்பாதீர்கள், நீர் படவிடாதீர்கள், வக்கூம் முனையை அவற்றில் வைக்காதீர்கள், மென்தூரிகை போதும். செராமிக் இழைத் தூசு புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. துணி முகமூடி இங்கே உதவாது, என்95 அணியுங்கள். மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பாதகமில்லை. துண்டு பெயர்ந்திருந்தால் புதிய பலகை வரும்வரை அடுப்பை மூட்டவே கூடாது, பின்னாலுள்ள உலோகம் வளைந்து கெட்டுவிடும்.

வாடகை வீடு என்றால், ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி வழக்கமான துப்புரவு குடியிருப்பவரைச் சேர்ந்தது. உரிமையாளர் தந்த அடுப்பைப் பழுதுபார்ப்பது உரிமையாளரைச் சேர்ந்தது. “வரும்போதே உடைந்துதானே இருந்தது” என்று அவர் சொல்லும் பதில் செல்லாது. ஆனால் நீங்கள் கவனக்குறைவாக உடைத்தால் செலவு உங்களுடையது. ஆகவே கை பழகாதவர் பின்பக்கத் துப்புரவைத் தாமே செய்யவேண்டாம்; விறகு, பெலட் அடுப்புகளுக்கான ‘வெற்’ (WETT) சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளரை அழைக்கும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியையும் படங்களையும் வைத்திருங்கள். பலனில்லாவிட்டால் ஓராண்டுக்குள் வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகையாளர் சபையில் பராமரிப்பு முறைப்பாட்டுக்கான ‘ரி6’ (T6) படிவம் கொடுக்கலாம். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும்.