உங்களுக்குத் தெரியுமா? மாட்டைத் துளைக்கும் ஓர் அலை, மனிதனிடம் தோற்கும் இன்னோர் அலை

பசுவின் வயிற்றுக்குள் கிடக்கும் எண்ணை வெளியே நின்றே படித்துவிடலாம். படித்த எண்ணை நம் பின்பாக்கெட்டில் இருக்கும் போனுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடு. மாடுகளுக்கான ஆர்எஃப்ஐடி வில்லை 134.2 கிலோஹேர்ட்ஸில் பேசுகிறது. அந்த அலைக்குத் தண்ணீரும் தசையும் பெரிய தடையே அல்ல. அதனால்தான் காதில் குத்துவதற்குப் பதிலாக, பீங்கான் குளிகைக்குள் சிப்பை வைத்து மாட்டை விழுங்க வைக்கவும் முடிகிறது. கைரீடரும் போனும் பேசிக்கொள்ளும் புளூடூத்தோ 2.4 கிகாஹேர்ட்ஸ். அதை நம் உடம்பே குடித்துவிடும். வலக்கையில் ரீடர், இடது பின்பாக்கெட்டில் போன் என்றால் நடுவே நிற்கும் சுவர் நீங்கள்தான். போனைச் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டுப் பிறகு கடைக்காரரைத் திட்டலாம்.

மாட்டு வில்லையில் இருப்பது 15 இலக்கம். முதல் மூன்றும் நாட்டுக் குறியீடாக இருந்தால் இலங்கைக்கு 144, இந்தியாவுக்கு 356. 900க்கு மேல் தொடங்கினால் அது தயாரித்த நிறுவனத்தின் எண். கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் என்று இருக்கும் பேராதனையில் இந்த எண்களைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை.

ரீடரைப் புளூடூத்தில் கீபோர்டு முறையில் இணைத்தால், போன் அதை நிஜமான கீபோர்டு என்றே நம்பிவிடும். தனிச் செயலி தேவையில்லை. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண் விழும். கர்சர் மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்த வாட்ஸ்அப்பில் நின்றால் அங்கேயும் விழும். திரையில் வரும் கீபோர்டும் மறைந்துவிடுவதால், ஒரு வரி குறிப்பு எழுத நினைத்தவர் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, ‘இத்தனையாவது விசை’ என்று மட்டுமே சொல்கிறது. எழுத்தைத் தீர்மானிப்பது கணினி. கண்டிப் பக்கம் ஒரு நூலகத்தில் (பெயர் வேண்டாம்) இதைக் கண்ணால் கண்டேன். நூலகங்களில் பரவலாக உள்ள 13.56 மெகாஹேர்ட்ஸ் ஐஎஸ்ஓ 15693 சிப்பின் பிறவி எண் எப்போதும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்திலும் பூச்சியத்திலும்தான் தொடங்கும். கணினியில் தமிழ்99 விசைப்பலகை போட்டிருந்தார்கள். அதில் அந்த விசை ‘ஊ’. பதிவேட்டில் வரிக்கு வரி ‘ஊ0’, ‘ஊ0’. “சேர், சிப் எல்லாம் பழுது” என்று அங்கே வேலை பார்த்த தம்பி பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார். திரை மூலையில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் ஊளை நின்றது. மாட்டு எண்ணுக்கு இந்த வம்பு இல்லை, அத்தனையும் இலக்கம்.

தட்டில் இடம் மாறிப்போன ஒரு புத்தகத்தைத் தேட வேண்டுமா? கீபோர்டு முறை உதவாது. அது ஒருவழிப் பாதை. “இந்த எண்ணை மட்டும் தேடு, கிட்ட வந்தால் பீப் அடி” என்று ரீடருக்கே சொல்ல இருவழிப் பேச்சு வேண்டும். அதற்குத்தான் சீரியல் முறை. ஒரே மூச்சில் பல புத்தகங்களைப் படிக்கும்போதும் இதுவே கைகொடுக்கும். கீபோர்டு முறையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடியும் வரை மற்ற எண்கள் வரிசையில் நிற்க வேண்டும். விண்டோஸில் ஒரு சின்னப் பொறி: இணைத்ததும் இரண்டு ‘கொம்’ போர்ட்டுகள் தோன்றலாம். பெரும்பாலும் வேலை செய்வது ‘அவுட்கோயிங்’ என்று போட்டிருப்பதுதான்.

ஐபோன் வைத்திருப்பவருக்கு இந்தச் சீரியல் முறை இலேசில் கிடைக்காது. ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற ரீடராக இருக்க வேண்டும். 2010இல் புளூடூத் 4.0உடன் வந்த லோ எனர்ஜி முறைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் பாஷை வேறு. ரீடருக்கு ஏற்ற செயலி இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

பல்கலைக்கழக வளாகம் முழுக்க வைஃபை இருக்கிறதே என்று வைஃபை ரீடர் வாங்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் இருப்பிடமே பேராதனைதான். ‘எடுரோம்’ வைஃபையும் உண்டு. எடுரோமுக்கோ ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அந்த வகை நுழைவு தெரியாத ரீடர் வாசலிலேயே நின்றுவிடும். பற்றரியும் புளூடூத்தைவிடச் சீக்கிரம் இறங்கும்.

எதிலும் இணைக்காமலே வேலை பார்க்கலாம் என்பது தெரியுமா? மகாவலி வளைந்து சுற்றும் 147 ஏக்கர் பேராதனைப் பூந்தோட்டத்தில் மரத்துக்கு மரம் சிப் ஆணி அடித்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ராட்சத மூங்கில் புதருக்குள் வைஃபையைத் தேடி அலைவானேன்? ரீடரின் நினைவகத்தில் எண்ணும் நேரமும் சேரட்டும், மாலையில் மேசைக்கு வந்து வயரில் இறக்கிக்கொள்ளலாம். கிளம்பும்முன் ரீடரின் கடிகாரத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். பற்றரி செத்துப் பிழைத்த சில கருவிகள் பழைய தேதிக்கே போய்விடும். யூரி ககாரின் 1961இல் நட்ட மரத்தை நீங்கள் 1970 ஜனவரி 1இல் பார்வையிட்டதாகப் பதிவாகும்.